எந்த எண்ணெய், அக்கா?

எங்கள் பக்கத்தில் தலைக்குத் தேய்ப்பதும் எண்ணெய், தோசைக்கு விடுவதும் எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோலும் எண்ணெய்தான். காரில் போகும்போது, "எண்ணெய் முடியப் போகுது, ஸ்டேஷன்ல நிறுத்துங்க" என்று நான் சொன்னால் என் கணவர் ஒரு நாளும் நல்லெண்ணெயை நினைத்ததில்லை. மலாய்க்காரர்கள் எல்லாவற்றையும் மின்யாக் என்கிறார்கள். அதைப் பார்த்து நாங்கள் சொல்லத் தொடங்கினோமா, எங்கள் முன்னோர் வேலை செய்த தோட்டங்களில் முன்பிருந்தே அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் வேதியியல் படித்தும், அதையே கற்பித்தும், இந்தச் சொல்லில் ஏதும் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயதாகும் வரை தோன்றவில்லை.

நாங்கள் லுக்குட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு நீலாயில் தொழிற்சாலை வேலை; ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். பேறுகால விடுப்பு முடியும் சமயத்தில் குழந்தையை எங்கே விடுவது என்று பல இடங்களைப் போய்ப் பார்த்தேன். ஒரு நர்சரியில் மாடிப்படிக்குத் தடுப்பு இல்லை. இன்னொன்றில் குழந்தைகள் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் புக்கிட் பெலண்டோக் போகும் வழியில் பனை எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் அக்காவிடம் விட்டேன். என் பள்ளிக்குப் போகும் வழிதான் அது.

அக்கா எனக்கு உறவில்லை. நாற்பது வயதிருக்கும். அவருடைய இரண்டு பெண்களும் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அவருடைய வீட்டுக்காரர் குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலை செய்கிறார். தோளில் மாட்டிக்கொள்ளும் மெஷினால் செம்பனைக்கு அடியில் புல் வெட்டுவது. என் மகள் ஒருத்தியைத்தான் அக்கா பார்த்துக்கொண்டார். அவளுக்குச் சோறு ஊட்டப் பின்வாசலில் உட்காருவார். கோழிகளைக் காட்டிக் காட்டி ஊட்டுவார். என்னிடம் நாலு வாய் சாப்பிடாதவள் அங்கே கிண்ணத்தைக் காலி செய்வாள். அதில் எனக்குச் சந்தோஷமா பொறாமையா என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் மழை விடாமல் பெய்து தோட்டத்தில் கொசு அதிகமாகிவிட்டது. பிள்ளையின் கால் முழுக்கத் தடிப்பு. கடைகளில் விற்கும் கொசு மருந்துகளின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையெல்லாம் படித்துவிட்டு எதையும் வாங்கத் துணியாமல், லோபாக்கில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சின்னப் போத்தல் வேப்பெண்ணெய் வாங்கினேன். வாங்கி வந்த பிறகு அதைப் பற்றியும் படித்தேன். வேப்பெண்ணெய் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, வலிப்புகூட வரலாம் என்று இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பிள்ளையின் காலைப் பார்த்ததும் மனம் மாறி, போத்தலைப் பையில் வைத்தேன்.

அக்கா வீட்டு வாசலில் பையைக் கொடுக்கும்போது சொன்னேன். "அக்கா, உள்ள எண்ணெய் வெச்சிருக்கேன். காலுக்குத் தடவுங்க. கையில தடவாதீங்க, வாயில வெச்சிருவா. உள்ள போனா ரொம்ப டேஞ்சர்."

அக்கா சிரித்தார். "டீச்சர், நீங்க பாப்பாவ கண்ணாடிப் பொட்டியில வெச்சுத்தான் வளக்கணும். எம் புள்ளைங்க மண்ண தின்னுச்சுங்க, கோழி எச்சத்த தின்னுச்சுங்க. பாருங்க, ஒவ்வொண்ணும் எப்படி நிக்குதுன்னு."

"இல்லக்கா, இது அப்படி இல்ல. நெஜமா விஷம்."

"சரி லா, சரி லா. எண்ணெய் மேல ஏறிருச்சு, பாப்பாவுக்கு எட்டாது. நீங்க போங்க. மணி ஆச்சு."

போத்தலை அலமாரியின் மேல் வைப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

அன்றைய பாடம் மூலக்கூறுகளுக்கு இடையிலான இழுவிசைகள். எனக்குப் பிடித்த பாடம். எந்த மின்முனையும் இல்லாத மூலக்கூறுகள்கூட ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதுதான் கேள்வி. மலாயில்தான் நடத்துகிறேன். தமிழில் இவற்றுக்கு என்ன பெயர் என்று ஒரு முறை தேடிப் பார்த்து, முனைவுறும் தன்மை, சிதறல் விசை என்று பாடக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.

ஒவ்வொரு மூலக்கூறைச் சுற்றியும் எலெக்ட்ரான்கள் மேகம் போல இருக்கின்றன. அந்த மேகம் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கணம் ஒரு பக்கம் கூடிவிட்டால், அந்தப் பக்கம் எதிர்மின், மறுபக்கம் நேர்மின். அது பக்கத்து மூலக்கூறின் மேகத்தையும் சாய்த்துவிடும். சாய்ந்ததும் இரண்டும் இழுத்துக்கொள்ளும். அடுத்த கணம் அந்தச் சாய்வு கலைந்து, வேறொரு சாய்வு வரும். இந்தச் சின்ன இழுப்புதான் சிதறல் விசை. ஒரு மேகம் எவ்வளவு சுலபமாகச் சாய்கிறது என்பதே முனைவுறும் தன்மை. எலெக்ட்ரான்கள் அதிகமாகி, மேகம் பெரிதாகி, கருவின் பிடி தளரத் தளர, சாய்வது சுலபம், இழுப்பும் அதிகம்.

முன் வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் கெட்டிக்காரி. "அப்படின்னா பெரிய உடம்பா இருந்தா கவர்ச்சி ஜாஸ்தி, அப்படித்தானே டீச்சர்?" என்று மலாயில் கேட்டாள்.

"மூலக்கூறுக்கு, ஆமாம்" என்றேன்.

அவள் பின்னால் திரும்பித் தமிழில், "கேட்டுக்குங்கடா. சயின்ஸே சொல்லிருச்சு" என்றாள். வகுப்பே சிரித்தது.

பிறகு ஒரு பந்தயம் வைத்தேன். ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்தி, மேல் விளிம்பில் மூன்று துளிகள்: ஹெக்சேன், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய். ஹெக்சேனில் ஆறே கார்பன் அணுக்கள். மண்ணெண்ணெயில் பத்து, பன்னிரண்டு, அதற்கும் மேல். சமையல் எண்ணெய் வேறு குடும்பம்தான், ஆனால் அதன் மூன்று நீண்ட வால்களும் அதே வகைச் சங்கிலிகள் என்பதால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சங்கிலி நீள நீள, தொட்டுக்கொள்ளும் இடம் அதிகம், இழுப்பு அதிகம், ஓட்டம் மெதுவாகும். பிள்ளைகள் எதன் மேல் பந்தயம் என்று கத்தினார்கள். ஹெக்சேன் ஓடியது என்றுகூடச் சொல்ல முடியாது. விட்ட இடத்திலிருந்தே விரிந்து, அடி வரைக்கும் மெல்லிய ஈரமாகப் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போனது. சமையல் எண்ணெய் அப்போது பாதி வழிகூட வந்திருக்கவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் என் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா. வகுப்பு நேரத்தில் அவர் அழைத்ததே இல்லை.

வாசலுக்கு வந்து எடுத்தேன்.

"டீச்சர், பயப்படாதீங்க. பாப்பா எண்ணெய கொஞ்சம் குடிச்சிட்டா."

எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரே ஒரு எண்ணெய்தான் இருந்தது. காலையில் என் கையால் கொடுத்தது. வலிப்பு என்று படித்த அந்த ஒரு வரி கண் முன்னால் வந்து நின்றது.

"எவ்ளோக்கா?"

"தெரியல டீச்சர். ரெண்டு வாய் இருக்கும். நான் துணி எடுக்க வெளிய போனேன்..."

"வாந்தி எடுக்க வைங்க. ஒடனே. வெரல விட்டு எடுங்கக்கா. எல்லாம் வெளிய வரணும்."

"வெரல விட்டா?"

"ஆமாக்கா, சீக்கிரம். நான் வர்றேன்."

அக்கா தயங்கினார். அந்த 'வெரல விட்டா?' என்ற கேள்வியில் அந்தத் தயக்கம் இருந்தது. இப்போது நினைக்கும்போது அதுதான் தெளிவாகக் கேட்கிறது. அன்றைக்கு அதை நான் மதிக்கவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆய்வுக்கூட உதவியாளரிடம் வகுப்பை ஒப்படைக்க உள்ளே போனேன். அவர் மலாய்க்காரப் பெண், என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல், "போங்க டீச்சர், போங்க" என்றார். பையை எடுக்கத் திரும்பினேன். கண்ணாடித் தகடு மேசை மேல் அப்படியே இருந்தது. ஹெக்சேன் ஓடிய பாதையில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எண்ணெய் அலமாரி மேலே அல்லவா இருந்தது?

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே மூன்றாம் முறை அழைத்தபோது எடுத்தார்.

"எடுத்துட்டா டீச்சர்! நல்லா எடுத்துட்டா" என்றார். குரலில் பெருமை இருந்தது. "செவப்பா வந்துச்சு."

"செவப்பாவா? ரத்தமா?"

"இல்ல லா. எண்ணெய்தான் செவப்பு. ரோஸ் சிராப் தண்ணி மாதிரி இருக்குமே, அதான் பாப்பா குடிச்சிருச்சு போல."

வேப்பெண்ணெய் சிவப்பு இல்லை. நான் படியில் நின்றுவிட்டேன்.

"எந்த எண்ணெய், அக்கா?"

"எண்ணெய்தான் டீச்சர். மெஷினுக்கு ஊத்துற எண்ணெய். எங்க வீட்டுக்காரரு கலந்து வெச்சிருந்தாரு, தண்ணிப் போத்தல்ல."

புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோலில் இன்னொரு எண்ணெயைக் கலப்பார்கள். அந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டிருக்கும். என் மகள் குடித்தது பெட்ரோல். அக்காவின் குரலுக்குப் பின்னால் அவள் இருமுவது கேட்டது. அழுகை இல்லை. சின்னச் சின்னதாக, மூச்சு விடாமல் இருமல்.

"ஆஸ்பித்திரிக்குக் கொண்டாங்க. அங்கேயே நான் வர்றேன். தண்ணி, பால் எதுவும் குடுக்காதீங்க. மறுபடியும் வாந்தி எடுக்க வைக்காதீங்க. அக்கா, கேட்டுச்சா? எடுக்க வைக்காதீங்க."

"இப்பத்தானே டீச்சர் எடுக்கச் சொன்னீங்க?"

இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காருக்கு ஓடினேன்.

மாவட்ட மருத்துவமனைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒழுங்காக, வகுப்பில் சொல்வது போலவே, வரிசையாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. பெட்ரோலின் சங்கிலிகள் குட்டையானவை. மேகங்கள் சின்னவை, ஒன்றை ஒன்று லேசாகத்தான் பிடிக்கின்றன. அதனால்தான் அது தண்ணீரைவிட மெலிதாக ஓடுகிறது. எதன் மேல் பட்டாலும் விரிகிறது. வயிற்றில் கிடந்தால் பெரும்பாலும் பெரிய கேடு செய்யாது. தொண்டைக்குத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. கெட்டியான எண்ணெய் என்றால் தொண்டையோடு வழுக்கிப் போகும். இதற்கு ஒரு துளி போதும். மூச்சுக் குழாயின் வாயில் பட்டால் அங்கிருந்து அடி வரைக்கும் தானே பரவும். நுரையீரலின் சின்னச் சின்னப் பைகளை விரித்து வைத்திருக்கும் படலத்தைக் கரைத்துவிடும். அதனால்தான் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஆய்வுக்கூடப் பாதுகாப்பு விதிகளில் இது இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதை வாசித்து மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவது நான்தான்.

நான் போய்ச் சேரும்போது அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நடைபாதை ஓரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். பூட்ஸில் புல் ஒட்டியிருந்தது. உள்ளே என் மகள் ஒரு பெரிய கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தாள். அவள் மூச்சில் பெட்ரோல் நிலையத்தின் வாடை. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது.

டாக்டர் தமிழ்ப் பெண். என்னைவிட இளையவர். அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாந்தி தானா வந்துச்சா, நீங்க எடுக்க வெச்சீங்களா?"

"நான்தான் வெரல விட்டேன், டாக்டர்."

"ஏன் அப்படி செஞ்சீங்க? பெட்ரோல் குடிச்சா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. யார் சொன்னா உங்களுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலில் கொசுக்கடித் தடிப்பு ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. வாய் திறக்க எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த நேரம் எனக்கு இருந்தது.

"யாரும் சொல்லல. எனக்காவே தோணுச்சு" என்றார் அக்கா.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்களை இங்கே எழுதிவிடுகிறேன். யார் சொல்லியிருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான். டாக்டருக்குத் தேவையானது வாந்தி எடுத்தாளா என்பது மட்டும். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது பேசினால் நேரம் வீணாகும். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இவை எல்லாம் உண்மைதான். இவற்றில் எதற்காகவும் நான் பேசாமல் இருக்கவில்லை. வேதியியல் ஆசிரியை என்று தெரிந்ததும் அந்த டாக்டரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்காகத்தான்.

முதல் எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. சில மணி நேரம் பார்க்க வேண்டும் என்றார்கள். மதியத்துக்குப் பிறகு காய்ச்சல் ஏறியது. மூச்சு வேகமானது. இரண்டாவது எக்ஸ்ரேயில் வலப்பக்கம் கீழே வெள்ளையாக ஒரு புகை போல இருந்தது. டாக்டர் அதை விரலால் சுற்றிக் காட்டினார். "இங்கதான் போயிருக்கு. மெஷின் வெச்சு மூச்சு குடுக்க வேண்டியிருந்தா சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். நாளைக்குள்ள தெரியும்."

கணவர் சாயங்காலம் வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நடைவழி நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெட்ரோல் குடிச்சிட்டா, வாந்தியில வெளிய வந்துருச்சு. அப்புறம் எப்படி நெஞ்சுக்குள்ள போச்சு? எனக்குப் புரியல" என்றார்.

நான் விளக்கினேன். ஒரு எண்ணெய் ஏன் கெட்டியாக இருக்கிறது, ஒன்று ஏன் மெலிதாக இருக்கிறது. மேகம், சாய்வு, சங்கிலியின் நீளம். திரும்பி வரும் வழியில் ஒரு துளி எப்படிப் பாதை மாறும். அவர் கவனமாகக் கேட்டார். அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வந்தது. நன்றாகவே வந்தது.

"இவ்ளோ தெரிஞ்ச நீ அங்க இருந்திருந்தா தடுத்திருப்ப" என்றார். "அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும், பாவம். ஆனா பாவம்னு விட முடியுமா? வெரல விட்டு எடுத்திருக்காளே, பச்சப் புள்ளைக்கு!"

நான், "நான்..." என்று தொடங்கினேன். அவர் எழுந்து தண்ணீர் வாங்கப் போனார். திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. சொல்லவில்லை.

சிரம்பானுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் நின்றது என்று நினைத்தோம், மறுபடி வந்தது. அவள் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினேன். எண்ணிக்கை கூடினால் தாதியைக் கூப்பிட்டேன். குறைந்தால் நான் தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். தாதி, "அம்மா, நீங்க மூச்சு விடுறீங்களா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா மூன்று நாளும் பார்வை நேரத்தில் வந்தார். முதல் நாள் எனக்குக் கஞ்சி. இரண்டாம் நாள் பிள்ளையின் போர்வை, துவைத்து மடித்து. கணவர் இருந்தால் வார்டுக்குள் வராமல் கதவுக்கு வெளியே நிற்பார். நான் போய் வாங்கிக்கொள்வேன். "மூச்சு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்ததை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போய், கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "கோயி, கோயி" என்றாள். கோழியைக் கேட்கிறாள். அக்கா அப்போது கதவருகே நின்றிருந்தார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தன்னை மறந்து உள்ளே இரண்டு அடி வைத்துவிட்டார். கணவர் எழுந்து போய்க் குறுக்கே நின்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இனிமே வர வேணாம். பிள்ளைய வேற எடத்துல விட்டுக்கறோம். உங்க மேல போலீஸ், அது இதுன்னு நான் போகல. ஆனா தெரியாததச் செய்யக் கூடாது. வாந்தி எடுக்க வெச்சதுலதான் இத்தனையும்."

அக்கா தலையை ஆட்டினார். "சரி தம்பி" என்று சொல்லித் திரும்பினார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்ன?"

"வாந்தி எடுக்க வைக்கச் சொன்னது நான். போன்ல. வேப்பெண்ணெய்னு நெனச்சிட்டேன். எந்த எண்ணெய்னு கேக்கல. அக்கா தயங்குனாங்க. நான்தான் சீக்கிரம்னு அவசரப்படுத்துனேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்கார அம்மா தன் பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் கையை நிறுத்திவிட்டார்.

கணவர், "அன்னைக்கு என்கிட்ட அவ்ளோ நேரம் வெளக்குனியே" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா எனக்காக இரங்குவார் என்று எதிர்பார்த்தேனா? ஒருவேளை எதிர்பார்த்திருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை.

"மூணு நாளாச்சு டீச்சர்" என்றார். "கஞ்சி வாங்க வெளிய வந்தீங்கல்ல? அப்பல்லாம் சொல்லலாம்னு தோணலயா?"

"தோணுச்சுக்கா."

"ஒங்களக் காப்பாத்தணும்னு நான் பொய் சொல்லலை. அத நல்லா தெரிஞ்சுக்குங்க. போத்தல கீழ வெச்சது எங்க வீட்டுக்காரரு. யாராவது அத விசாரிச்சா அவரு வேலைக்கு ஆபத்து. மெஷினு எண்ணெய வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு வேலைய மேக்கிற மண்டோரு சொல்லியிருக்காரு. அதான் எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேன். அதுல ஒங்களோடதும் சேந்துக்கிச்சு." "ஆனா நீங்களும் என்னையத்தான் பாப்பாவுக்குக் கெடுதல் செஞ்சவன்னு நெனைக்கிறீங்களோன்னு ராவும் பகலும் சோறு எறங்கல எனக்கு. நீங்க டீச்சராச்சே. ஒருவேள நான்தான் தப்பா கேட்டேனோ, நீங்க எடுக்க வைக்காதேன்னுதான் சொன்னீங்களோன்னுகூட நெனச்சேன்."

இதை மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. என் மௌனம் என்னை மறைப்பதாகத்தான் எண்ணியிருந்தேன். அவர் தன் காதையே நம்பாமல் மூன்று நாள் இருந்திருக்கிறார்.

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க" என்றேன். "நான் தப்பா சொன்னேன். நீங்க சரியா கேட்டு, சொன்னதச் செஞ்சீங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கணவர் வழி விட்டார். மகள் கையை நீட்டினாள். அக்கா அவளைத் தூக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது பிள்ளை லுக்குட்டில் ஒரு நர்சரிக்குப் போகிறாள். அது கணவரின் முடிவு என்று எல்லாரிடமும் சொல்கிறோம். உண்மையில் முதலில் சொன்னது அக்காதான். வீட்டுக்கு வந்த அன்றே போன் செய்து, "இனிமே நான் பாக்கல டீச்சர். ஒவ்வொரு போத்தலையும் மோந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் வருமானத்தில் கை வைத்துவிட்டோம் என்று தெரியும். அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. சில சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் கோழிகளிடம் ஓடுகிறாள். நாங்கள் இருவரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். முன் போலப் பேச்சு வருவதில்லை.

மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குப் போனபோது அதே டாக்டர்தான் இருந்தார். புது எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார். புகை இல்லை. "நல்லா இருக்கு. இருமல் ஒரு மாசம் போல இருக்கலாம், பயப்பட வேணாம்" என்றார்.

"டாக்டர், பழைய ரிப்போர்ட்ல, பிள்ளைய பாத்துக்கிட்டவங்க வாந்தி எடுக்க வெச்சாங்கன்னு எழுதியிருப்பீங்க. அத மாத்த முடியுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"நான்தான் போன்ல சொன்னேன். அம்மா சொல்லித்தான் செஞ்சாங்கன்னு எழுதணும்."

"அது இப்ப முக்கியமில்லையே. பிள்ளை நல்லாயிட்டா."

"பரவால்ல டாக்டர். எழுதிடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "எழுதியிருக்கறத அழிக்க முடியாது. கீழ சேர்த்துக்கலாம்" என்று சொல்லித் தட்டத் தொடங்கினார். அம்மா, வயது, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டியவர், "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர்."

"என்ன பாடம்?"

மகள் என் மடியில் உட்கார்ந்து மேசை மேலிருந்த டிஷ்யூ பெட்டியிலிருந்து தாளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கெமிஸ்ட்ரி" என்றேன்.

டாக்டரின் விரல்கள் நின்றன. நான் பயந்த முகம் அதுவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நொடிதான். பிறகு அவர் திரையைப் பார்த்துத் தட்டி முடித்தார். திரையை என் பக்கம் திருப்பி, "சரியா இருக்கா, பாருங்க" என்றார்.

வாசித்தேன். மலாயில் இரண்டு வரிகள். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறையும் வாசித்துவிட்டு, சரி என்றேன்.